வேலாயி கேட்ட படம்

வேலாயி அக்கா முதல் நாள் என்னை உள்ளே விடவில்லை. கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, இடுக்கில் நின்றபடி என் தோள்பையைப் பார்த்தார். அதில் என்ன என்று கேட்டார். கேமரா என்றேன். கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது.

அது பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுச்செல்லும் அறை. எஸ்டேட் காகிதங்களில் கிரெஷ் என்றுதான் இருக்கும். ஆனால் கோத்தகிரி சாலையிலிருந்த அந்த எஸ்டேட்டில் பாதிக்கு மேல் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் அங்கிருந்து கொண்டுவந்த பெயரையே வைத்துக்கொண்டார்கள். வேலாயி அக்கா பதினாறு வருடமாக அங்கே ஆயா. பத்தொன்பது பிள்ளைகள் அவர் பொறுப்பில் இருந்தார்கள்.

தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருடம். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. நிர்வாகம் முதலில் நிறுத்தியது பிள்ளைகளின் பாலைத்தான். இதை வாத்தியாராக இருந்த என் அப்பா குன்னூரிலிருந்து கடிதத்தில் எழுத, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நான் போய்வரும் சர்ச்சில் சொன்னேன். அங்கே ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு நடைப்பயணம் உண்டு. பத்து மைல் நடப்பார்கள். தெரிந்தவர்கள் மைலுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். அந்தப் பணம் ஏதாவது ஒரு ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குப் போகும். அந்த வருடம் இந்த எஸ்டேட்டுக்கு என்று முடிவாயிற்று. ஒரே நிபந்தனை: நடப்பவர் ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு பிள்ளையின் படம் இருக்க வேண்டும். பிள்ளை தன் எண் எழுதிய சிலேட்டைப் பிடித்திருக்க வேண்டும். படங்கள் வராவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

இதையெல்லாம் கதவிடுக்கு வழியாகவே சொல்லி முடித்தேன்.

"நடக்கிறதுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?" என்றார் வேலாயி அக்கா.

"குடுப்பாங்கங்க அக்கா. அங்க அதொரு வழக்கமுங்க."

"ஏன், அந்த ஊருல பஸ்சு இல்லியா?"

பின்னால் இலைச் சாக்கோடு நின்ற மெட்டில்டா சிரித்துவிட்டார். அவருடைய இரண்டு வயது மகள் கெஸியாவும் உள்ளேதான் இருந்தாள். "அப்புடின்னா நமக்கு எம்புட்டு வரணும் அக்கா? முதுகுல மூட்டையோட எத்தன வருசமா நடக்கிறோம்!"

வேலாயி அக்கா சிரிக்கவில்லை. "குடுக்கணும்னு நெனைக்கிறவன் குடுத்துட்டுப் போறான். அவன் எதுக்கு இன்னொருத்தன நடக்க விட்டுக் குடுக்கிறான்? இதுல என்னமோ இருக்கு தம்பி."

நான் பையிலிருந்து சிலேட்டை எடுத்து, விளக்குவதற்காக 1 என்று எழுதிக் காட்டினேன்.

அவர் வெளியே வந்தார். சிலேட்டை என் கையிலிருந்து வாங்கி, புடவைத் தலைப்பால் எண்ணை அழித்துவிட்டு, அதைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார். "இத நான் பாத்திருக்கேன்" என்றார்.

எழுபத்து மூன்றில் அவருக்குப் பதினேழு வயது. இரு நாட்டு ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பும் பட்டியலில் குடும்பத்தின் பெயர் வந்தது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க அட்டன் டவுனுக்குப் போனார்கள். அப்பா மடியில் சிலேட்டு, சிலேட்டில் எண். தங்கை செவந்திக்கு அன்று அம்மை போட்டிருந்தது. அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதே, படத்தில் இல்லாவிட்டால் என்ன என்று அப்பா நினைத்துவிட்டார். தலைமன்னாரில் கப்பலேறும்போது அதிகாரி படத்தையும் ஆட்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். படத்தில் இல்லாத பிள்ளை ஏற முடியாது. பிறகு அனுப்பிவைப்போம், கவலைப்படாதீர்கள் என்றார். செவந்தி, வழியனுப்ப வந்த அத்தையோடு திரும்பிப் போனாள். பத்து வருடம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

"தனித்தனியா எடுக்க விடமாட்டேன்" என்றார் வேலாயி அக்கா. "ஒண்ணு வராது, ரெண்டு அழும், ஒண்ணு காச்சல்ல கெடக்கும். மிச்சத்த எடுத்துட்டு நீங்க போயிருவீங்க. எடுத்தா எல்லாத்தையும் ஒண்ணா எடுங்க. பத்தொம்பதும் வந்திருக்கிற அன்னிக்கு எடுங்க."

பத்தொன்பதும் வந்து சேர ஐந்து நாள் ஆனது. தினமும் குன்னூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். தினமும் எண்ணிவிட்டு, "இன்னிக்கு இல்ல" என்று அனுப்பினார். வெள்ளிக்கிழமை படிக்கட்டில் உட்காரவைத்து எடுத்தோம். முன்வரிசையில் ஒருவன் 1 - 19 என்று எழுதிய சிலேட்டைப் பிடித்திருந்தான். அவனுக்குப் பின்னால் கெஸியா. பொத்தானை அழுத்திய நேரம் அவன் சிலேட்டைத் தூக்கிவிட்டான். அது அவள் முகத்தை மறைத்தது எனக்குத் தெரிந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது, ஃபிலிம் சுருளில் அதுதான் கடைசிப் படம், பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பத்தொன்பது தலை இருக்கிறது, போதும் என்று கிளம்பிவிட்டேன்.

லீட்ஸில் படத்தைப் பெரிதாக்கி, கத்தரிக்கோலால் முகம் முகமாக வெட்டினார்கள். பதினெட்டு முகம் கிடைத்தது. கெஸியாவுக்கு நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும்தான் இருந்தன. பதினெட்டு பேர் நடந்தார்கள். அவர்களைப் பின்னாலிருந்து எடுத்த படத்தை வேலாயி அக்காவுக்கு அனுப்பிவைத்தேன். ஜூலையில் பால் வரத் தொடங்கியது.

ஆகஸ்டில் மெட்டில்டாவின் கையெழுத்தில் வேலாயி அக்காவின் கடிதம் வந்தது. பால் வருகிறது, பிள்ளைகள் குடிக்கிறார்கள். ஆனால் படத்தில் பதினெட்டு முதுகுதான் இருக்கிறது, கெஸியா யார் முதுகிலும் இல்லை, ஏன்?

பால் எல்லாருக்கும்தான், முகம் இல்லாததால் ஒன்றும் குறையாது, கவலைப்பட வேண்டாம் என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது. "அன்னிக்கு அந்த ஆபீசரும் கவலப்படாதேன்னுதான் சொன்னான்." அதோடு ஒரு படம். கோத்தகிரி ஸ்டூடியோவில், அன்னம் நீந்தும் குளம் வரைந்த திரைக்கு முன்னால் கெஸியா நின்றிருந்தாள். சிலேட்டில் 19. சிலேட்டு உயர்ந்துவிடாமல் ஓரத்திலிருந்து பிடித்திருந்த இரண்டு விரல்கள் வேலாயி அக்காவுடையவை. படத்தின் பின்னால், "இதுக்கு ஒரு ஆள் நடக்கணும்."

நடைப்பயணக் குழுவிடம் கொண்டுபோனேன். அடுத்த ஜூனில் பார்க்கலாம் என்றார்கள். ஒரு பெண்மணி என்னைத் தனியே அழைத்து, அந்த ஆயா நம்பக்கூடியவரா, இன்னும் பணம் கறக்கப் பார்க்கிறாரா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஸ்டூடியோ படத்தை முதலில் பார்த்தபோது எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கெஸியாவின் படத்தை முதுகில் குத்திக்கொண்டு கால்வாய் ஓரமாகத் தனியே பத்து மைல் நடந்தேன். தூறிக்கொண்டிருந்தது. படம் நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நடந்துவிட்டேன் என்று அன்றே வேலாயி அக்காவுக்கு எழுதினேன்.

பதிலில் ஒரே வரிதான்: "நடந்தீங்கன்னு எப்புடி நம்புறது?"

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேமராவைக் கொடுத்தேன். சிலேட்டு கிடைக்கவில்லை, ஓர் அட்டையில் 19 என்று எழுதி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கால்வாய் ஓரத்தில் அதே இடத்தில் நின்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. படம் கழுவி வந்ததும் வேலாயி அக்காவுக்கு அனுப்பிவைத்தேன்.

கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்க அப்பா எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். திரும்பிவந்து என்னோடு போனில் பேசினார். பிள்ளைக்காம்பராச் சுவரில் பத்தொன்பது பிள்ளைகளும் இருக்கும் படம் மாட்டியிருக்கிறதாம். அதற்குக் கீழே கெஸியா. கெஸியாவுக்குப் பக்கத்தில் அட்டையோடு நான்.

"எம் மகன் படத்தை எதுக்கும்மா மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

வேலாயி அக்கா டம்ளர்களை வரிசையாக வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாராம். நிமிராமலே சொன்னாராம்: "இருக்கட்டும் வாத்தியாரய்யா. நாளைக்குப் பால் நின்னுச்சின்னா கேக்க ஒரு ஆள் வேணும்ல. இப்ப அவரு நம்பரு எங்க கையில இருக்கு."