சேதுராமனுக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்

சேதுராமன் எங்கள் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதிப் பக்கம். நான் தென்னூர்க்காரன், வேதியியல். ஆசிரியர் ஓய்வறையில் பல வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவரைப் போல் ஒரு மனிதரைப் பார்த்ததே இல்லை என்று கதை விடமாட்டேன். நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டே கெட்டுப்போனவர்கள்.

வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். உப்புப் படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பது ஆராய்ச்சி. அதற்கு வேண்டியது கண்ணாடிக் குடுவை இல்லை, கணக்கு. கையால் போட்டால் ஓர் ஆயுள் போதாது, கம்ப்யூட்டர் வேண்டும். எழுபதுகளில் திருச்சியில் எங்களை யார் கம்ப்யூட்டர் பக்கம் விட்டார்கள்? சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தது. வெளியூர்க்காரனுக்கு அங்கே நேரம் கிடைப்பது, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் சொர்க்கவாசல் தாண்டுவதுபோலத்தான்.

கணக்கை அட்டைகளில் துளை போட்டுக் கொடுக்க வேண்டும், ஓர் அட்டைக்கு ஒரு வரி. கோடை விடுமுறையில் சென்னையில் தங்கி அத்தனையையும் துளைத்து, பிழை பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான பெட்டி நிறைய அட்டைகள். வரிசை குலையக் கூடாது, ஓரம் மடங்கக் கூடாது, ஈரம் படவே கூடாது. பெட்டியை அவர் தூக்குவதைப் பார்த்தால் பச்சைக் குழந்தை என்று நினைப்பீர்கள்.

பதிவுக் காலம் அந்த டிசம்பரோடு முடிகிறது. கடைசிக் கணக்கு மட்டும் பாக்கி. ஒருவழியாக அனுமதி வந்தது: விஜயதசமி காலை, ஒரு மணி நேரம். உள்ளூர்க்காரர்கள் பண்டிகைக்குப் போய்விடுவார்கள், அதனால் எங்களுக்கு விழுந்த பிச்சை. சென்னையில் அக்காளைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததால் நானும் அவரோடு கிளம்பினேன்.

சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் அவரை அழைத்துப்போக வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெட்டி. மூடி திறந்திருந்தது. உள்ளே அட்டைகளின் விளிம்பில் வரிசையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஈரம் சொட்டும் சாமந்தி. சேதுராமன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க உசிரா வெச்சிண்டிருக்கறது இதுதானே," என்றார் அவர் மனைவி ரெங்கநாயகி. முகமெல்லாம் பூரிப்பு. "மூடிக்குப் பொட்டு வெச்சா போறுமா? அதான் உள்ளேயே வெச்சேன்."

அவர் மெதுவாகப் பூவை எடுத்தார்.

"ஐயோ, தொடாதீங்கோ! நாளைக்குப் புனர்பூஜை ஆறவரைக்கும் எடுக்கப்படாது. பூஜையில வெச்சதை நடுவுல எடுத்தா வித்தை தங்காதுன்னுவா."

"இப்ப எடுக்கலேன்னா ரயில் போயிடும், ரெங்கம்," என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்தம்மாள் அழுதுகொண்டே வாசலில் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வரிசை குலையாமல், ரயிலில் துண்டால் அட்டைகளின் விளிம்பைத் துடைத்தார். மேலுக்குப் போயிற்று. உள்ளே சில அட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள், அட்டை வாசிக்கும் எந்திரம் கொஞ்ச தூரம் மடமடவென்று இழுத்தது. பிறகு இரண்டை ஒன்றாக இழுத்து நின்றது. பின்னால் வந்ததெல்லாம் கசங்கிக் கிழிந்தது. எந்திரத்தைத் திறந்த ஊழியர் ஒரு துண்டை முகர்ந்து பார்த்து, "என்ன சார், சந்தனமா?" என்று சிரித்தார். அவரை அறையலாம் போலிருந்தது எனக்கு. சேதுராமன் ஓடிப்போய்க் கிழிந்தவற்றை மறுபடி துளைக்க உட்கார்ந்தார். அவசரத்தில் துளைத்ததெல்லாம் தப்பு. பாதி முடிவதற்குள் அடுத்த ஆள் பெட்டியோடு வந்து நின்றுவிட்டார்.

மறுபடி நேரம் கேட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். பல்கலைக்கழகத்தில் கால நீட்டிப்பு கேட்டார், அதுவும் இல்லை. பதிவு ரத்தானது. அதற்கப்புறம் அவர் ஆராய்ச்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் எங்கள் கல்லூரிக்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அட்டையும் வேண்டாம், ரயிலும் வேண்டாம். அதில் கணக்குப் போட்டு முதலில் பட்டம் வாங்கியவர் டோரதி, சேதுராமனிடம் படித்தவர். இனிப்போடு சேதுராமன் வீட்டுக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்.

"சார், நீங்க ஏன் முடிக்காம விட்டுட்டீங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார் டோரதி.

பதில் ரெங்கநாயகி அம்மாளிடமிருந்து வந்தது. "பூஜையில வெச்சதை எடுக்காதீங்கோன்னு தலைப்பாடா அடிச்சிண்டேன். கேட்டாரா? சரஸ்வதி கோவிச்சிண்டுட்டா."

"ஆமா," என்றார் சேதுராமன். "நான்தான் கேக்கலை."

நான் வாயைத் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். வழியனுப்ப வந்த சேதுராமனை, டோரதி முன்னால் போனதும், பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு என்ன தலையெழுத்து? நடந்ததைச் சொல்றதுதானே?"

"பட்டம் போனது போயிடுத்து, அமிர்தராஜ்," என்றார். "இது தெரிஞ்சா, அப்பறம் அவ எனக்காக எதையும் வேண்டிக்கவே பயப்படுவா."

அடுத்த ஆண்டு மாரடைப்பில் போய்விட்டார். ஸ்ரீரங்கம் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் எட்டிப் பார்க்கிறேன். ரெங்கநாயகி அம்மாள் இன்னமும் சொல்கிறார், தான் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் அவர் டாக்டராகியிருப்பார் என்று. ஆமாம்மா என்று சொல்லிவிட்டு வருகிறேன்.