நானூறு கிராம்

கடல் விமானங்கள் வந்து இறங்கும் துறையில் இருபத்தாறு வருஷம் பைகளை எடைபோட்டு ஓய்வு பெற்றவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் பயன்பட்டது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘ஏழு கிலோ’. ஒன்பது பேர் உட்காரும் விமானத்தில் ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை. அந்த விதியை எழுதியவர்களே மறந்திருப்பார்கள், இவர் மறந்ததில்லை. இரண்டு பேன்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விறைப்பாக நடந்து வருகிறவனைத் தூரத்திலேயே கண்டுபிடித்து, “வாங்க சார், உள்ள இருக்கறதையும் கழட்டி வைக்கலாம்” என்று கூப்பிடுவார். அப்பேர்ப்பட்ட கண்.

தராசு விஷயத்தில் அவர் சாமியார் மாதிரி. காலையில் வந்ததும் அதைத் துணியால் துடைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடி, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்காவிட்டால் பக்கத்துத் திருகை அரைச் சுற்றுத் திருப்பி நிற்க வைப்பார். ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட, மாற்று ஆளுக்குப் போன் போட்டு, “முள்ளைப் பார்த்தியா?” என்று கேட்டிருக்கிறார். புது டிஜிட்டல் தராசு வந்து இவர் ஓய்வு பெற்ற அன்று, அந்தப் பழைய தராசையே மாலை போட்டு இவரிடம் கொடுத்துவிட்டார்கள். அதைக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து, துடைப்பதும் குனிவதுமாகவே இருந்தார்.

இப்போது அவரே பை கட்ட வேண்டி வந்துவிட்டது. தீவில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகளுக்கு இது பிரசவ மாதம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வர இன்னும் ஒரு மாதம் ஆகும். மாமனார் மாமியாரும் மூத்த மகன் வீட்டோடு போய்விட்டார்கள். துணைக்குப் போக வேண்டிய மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்திருந்தாள். மிச்சம் இருந்தது அப்பா. அந்த அப்பாவோடு மகள் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

பேசாததற்குக் காரணம் ஒரு போர்வை. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது போட்ட கவுன்களையெல்லாம் வெட்டி ஒட்டுப்போட்டு அம்மா தைத்தது. கல்யாணமாகி மாமனார் மாமியாரோடு தீவுக்குக் கிளம்பிய அன்று அதைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தாள். முள் ஏழு நானூறைக் காட்டியது. “மளிகைக் கடையில எடை போட்டுத்தாம்ப்பா கொண்டு வந்தேன். சரியா ஏழு” என்றாள். “கடைத் தராசெல்லாம் ஒரு தராசா?” என்று சிரித்துவிட்டு, சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, பையைத் திறந்து மேலே இருந்ததை உருவி எடுத்துவிட்டார். பெற்ற மகளுக்கும் சலுகை காட்டாத மனுஷன் என்று துறை முழுக்கப் பேசிக்கொண்டது. அதில் அவருக்குப் பெருமை. மகள் திரும்பிப் பார்க்காமல் போய் விமானத்தில் ஏறிக்கொண்டாள்.

இந்த முறை அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள். “அவர் வரட்டும். ஆனா போர்வையோட வரட்டும். இல்லேன்னா அடுத்த பிளேன்லயே திருப்பி அனுப்பிடுவேன்.”

ஆகவே முதலில் போர்வை உள்ளே போனது. அதற்கு மேல் குழந்தைக்கான சட்டைகள், துணிகள், எண்ணெய் சீசா. அப்புறம் தன்னுடைய சாமான்களை வைத்துத் தராசில் ஏற்றினால் எட்டரை! மனிதர் மளமளவென்று வெட்டத் தொடங்கினார். இரண்டாவது சட்டை வெளியே போயிற்று. செருப்பு வெளியே. பிரஷர் மாத்திரை அட்டையை நாள் கணக்குப் பார்த்துக் கத்தரித்தார். பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் ஒடித்தார்.

“பல்லையும் ரெண்டு பிடுங்கி வச்சுட்டுப் போங்களேன்” என்றாள் மனைவி.

கடைசியில் முள் ஏழில் வந்து நின்றது. அப்போதுதான் அவள் மடியிலிருந்து குட்டித் தலையணை ஒன்றை எடுத்து நீட்டினாள். கட்டுப்போட்ட காலோடு நாலு நாள் உட்கார்ந்து தைத்தது.

“முந்நூத்தைம்பது கிராம்” என்றார் அவர், கையில் வாங்கிப் பார்த்து.

“பொறக்கப்போற பிள்ளையோட தலகாணிங்க.”

“பிள்ளைக்கு ஒரு ரூல், ஊருக்கு ஒரு ரூலா? நானே அதிகமா கொண்டு போனா நாளைக்கு எவன் மதிப்பான்?”

அவள் தலையணையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவி மனுஷன், அதையும் பார்த்துவிட்டுத்தான் பையின் ஜிப்பை இழுத்தார்.

துறையில் அவருடைய பழைய நாற்காலியில் இருந்த பெண் எழுந்து நின்று வரவேற்றாள். “உங்க பையை நான் எடை போடறதா சார்?” என்று கூச்சப்பட்டாள். “போடணும்மா. எனக்குன்னு தனிச் சட்டமா?” என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் பையை ஏற்றினார்.

ஆறு புள்ளி ஆறு.

“சார், இன்னும் நானூறு கிராம் இருக்கு. ஏதாவது வைக்கிறீங்களா?”

“உன் மெஷின் தப்பும்மா” என்றார் அவர், சாந்தமாக.

அவள் பையை இறக்கிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்து ஏற்றினாள். சரியாக ஐந்து. “தினமும் காலையில இப்படித்தான் பார்ப்பேன் சார். நீங்க எப்படிப் பார்ப்பீங்க?”

“முள் பூஜ்யத்துல நிக்குதான்னு...”

“வெறும் தராசையா?”

உப்புக்காற்றில் வருஷக்கணக்காகத் தொய்ந்துபோன ஸ்பிரிங், மேலே ஒன்றும் இல்லாதபோது பூஜ்யத்தில் நிற்காமல் வேறெங்கே நிற்கும்? பாரம் ஏறினால்தானே அதன் லட்சணம் தெரியும். அவருக்குக் காது இரண்டும் சுட்டது. அன்றைக்கு மகளின் பை ஏழேதான். மளிகைக் கடைக்காரர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். தலையணை வீட்டில் கிடக்கிறது. விமானத்தின் விசிறியோ சுழல ஆரம்பித்துவிட்டது. எத்தனை பேருடைய நானூறு கிராமை இந்தக் கையால் எடுத்து வெளியே வைத்தோம் என்று எண்ணிப் பார்க்க முயன்றார். முடியவில்லை.

தீவின் மரப்பாலத்தில் மகள் நிறைமாத வயிற்றோடு நின்றிருந்தாள். வா என்று சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பையை வாங்கித் திறந்தாள். போர்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, உள்ளே கைவிட்டுத் துழாவினாள்.

“அம்மா தலகாணி தச்சிருக்கேன்னு சொன்னாளே, எங்க?”

“வீட்ல இருக்கு. எடை...”

“தெரியும். ஏழு கிலோ” என்றாள் அவள். குரல் கசந்தது. “ஒரு பொட்டுகூட எடம் இல்லியோ?”

இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கேட்பார் யாருமில்லை, இருபத்தாறு வருஷப் பெயரும் பத்திரமாக இருக்கும். வாயைத் திறந்துவிட்டார்.

“இருந்துச்சும்மா. நானூறு கிராம் இருந்துச்சு. நம்ம தராசு தப்பு. நான் அதை வெறுமனே வச்சே பார்த்துக்கிட்டிருந்தேன். அன்னைக்கு உன் பையும் ஏழுதான்.”

“ஏழா?”

“ஏழேதான். நீ சொன்னது சரி. நான்தான் தப்பு.” அந்த வார்த்தை அவர் வாயில் பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறி வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது.

அவள் போர்வையின் ஒட்டுத்துணி ஒன்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் போனில் அம்மாவின் எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். “அம்மாகிட்டயும் இதையே சொல்லுங்க. ஒரு கிராம் குறையாம சொல்லணும்.”

அவர் போனைக் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது.

“சொல்லிட்டு வாங்கப்பா, வீட்டுக்குப் போகலாம்” என்றாள் மகள்.