பெயர் வெட்டாத டம்ளர்

போன மாதம் ஒரு நாள் என் மருமகள் சமையலறை அலமாரியைக் காலி செய்து பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கத்தே, எல்லாத்துலயும் தாத்தா பேரு வெட்டியிருக்குது, இதுல மட்டும் ஒண்ணுமே இல்லீங்களே?" என்று கேட்டாள். "கடைக்காரன் மறந்திருப்பான் கண்ணு" என்றேன். பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் நம்பிவிட்டாள். எத்தனையோ வருஷமாக மேல்தட்டின் மூலையில் தனியாகக் கிடந்த அந்த டம்ளரை மற்றவற்றோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். நான்தான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

கடைக்காரன் எதையும் மறக்கவில்லை. இதில் பெயர் வெட்ட வேண்டாம் என்று சொல்லி வாங்கியவர் என் மாமியார். வாங்கியது என் கொழுந்தனாரின் சிநேகிதனுக்காக. கோவை கோட்டைமேட்டில் தகரப் பெட்டி செய்து விற்கும் ராவுத்தர் வீட்டுப் பையன் அவன். நான் அவனைத் தம்பி என்பேன், அவன் என்னை அக்கா என்பான். கொழுந்தனாரும் அவனும் ஒரே கூடத்தில் குத்துச்சண்டை பழகினார்கள். கணபதிப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வாரத்தில் பாதி நாள் வந்துவிடுவான். மாமியார் அவனை வெறுத்தார் என்று சொன்னால் அது அபாண்டம். "வா கண்ணு, இந்த வெயில்லயா வந்தே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார், தட்டு நிறைய முறுக்கு வைப்பார், அவன் அம்மாவின் மூட்டுவலியை விசாரிப்பார். எல்லாம் போர்டிகோவில் கிடந்த பிரம்பு நாற்காலியோடு சரி. காப்பி அந்த டம்ளரில்தான் வரும். குடித்து முடித்ததும் அவனே வாசல் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. நாயைக்கூட வாங்க போங்க என்போம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த மரியாதையை வைத்தே ஒருவனை வாசலோடு நிறுத்தவும் எங்களுக்குத் தெரியும்.

நான் வெள்ளகோவிலிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கணிதத்தில் பி.எஸ்சி. அந்த டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசும், ஆனால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புதுப்பெண் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன். மற்ற விஷயங்களில் என் வாய் ஒரு நாளும் மூடிக் கிடந்ததில்லை என்பது என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டில் இட்லியோடு தினமும் பரிமாறப்பட்டது ஒரே விவாதம்தான்: இந்த இரண்டு பேரில் யார் பெரிய ஆள்? இருவருமே மாவட்டச் சாம்பியன்கள். ஆனால் தம்பி ஒரு எடைப் பிரிவு கீழே இருந்ததால் மேடையில் நேருக்கு நேர் மோதியதே இல்லை. என் வீட்டுக்காரருக்குப் பம்பு மோட்டார் பட்டறை; அவருக்குக் கணக்கு என்றால் கூட்டலும் கழித்தலும்தான். "நம்ம பையன் மாவட்டத்துல ஒருத்தங்கிட்டயும் தோத்ததில்ல. மாநிலத்துல ஒரே ஒரு தடவ. அவன் எத்தன தடவ தோத்திருக்கறான்! பொறகென்ன பேச்சு வேண்டிக் கெடக்குது?" என்பார். நான் விடமாட்டேன். தம்பி தோற்றதெல்லாம் தொடக்கத்தில், தன்னைவிடப் பழுத்த ஆட்களோடு மோதிய காலத்தில். கொழுந்தனார் ஜெயித்ததெல்லாம் புள்ளிகளில். தம்பியோ பாதி ஆட்டங்களில் எதிராளியைத் தரையில் சாய்த்தவன். மாநில அரையிறுதியில் கொழுந்தனாரைத் தோற்கடித்த மதுரைக்காரனை, சேலத்தில் நடந்த ஒரு காட்சிப் போட்டியில் எடை குறைந்த தம்பி இரண்டாவது சுற்றிலேயே விழவைத்தான். எத்தனை என்று மட்டும் பார்த்தால் போதுமா, யாரோடு என்று பார்க்க வேண்டாமா என்பது என் கட்சி. பட்டறை ஆட்களும் இரண்டாகப் பிரிந்து டீக்கடையில் கத்துவார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் தம்பிக்கு உடம்பு கூடி, கொழுந்தனார் இருந்த அறுபது கிலோப் பிரிவுக்கே ஏறினான். மாநிலப் போட்டி அந்த வருஷம் கோவையில் நடந்தது. இருவரும் ஜெயித்து ஜெயித்து இறுதிக்கு வந்து நின்றார்கள். முதலில் வருபவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை ஒன்று காத்திருக்கிறது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். கொழுந்தனாருக்கு வேலை கிடைக்காவிட்டாலும் அண்ணன் பட்டறை இருந்தது. தம்பிக்கு இருந்தது அப்பாவின் கடையில் சம்பளமில்லாத வேலையும், கல்யாணத்துக்கு நின்ற தங்கைகளும்தான்.

இறுதிப் போட்டியன்று காலையில், கொழுந்தனாரின் பைக்கில் சேர்ந்து போவதற்காகத் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். எதிராளியின் வண்டியிலேயே தொற்றிக்கொண்டு சண்டைக்குப் போகிறவனை வேறெங்கே பார்க்க முடியும்? போனதும் எடை பார்ப்பார்கள். அறுபதுக்கு மேல் இருந்தால் மேடையேற முடியாது. அதனால் வீட்டை ஒட்டிய பட்டறையில், செம்புக் கம்பி நிறுக்கும் எடைமேடையில் இருவரும் ஒருமுறை ஏறிப் பார்த்துக்கொண்டார்கள். முந்தின நாள் சண்டை முடிந்ததிலிருந்து இருவரும் பட்டினி. தம்பிக்கு முள் சரியாகக் கோட்டின் மேல் நின்றது. "தப்பிச்சேன்டா மாப்ள" என்று அவன் சிரித்தது சமையலறைவரை கேட்டது.

மாமியார் அன்று கருமத்தம்பட்டியில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வழக்கம்போலப் பிரம்பு நாற்காலியில் உட்காரப் போனவனை "உள்ள வா தம்பி" என்று கூப்பிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தேன். பெயர் வெட்டிய தட்டில் இடியாப்பம் மாதிரிச் சந்தவை பிழிந்து வைத்துத் தேங்காய்ப் பால் ஊற்றினேன். கொழுந்தனார், "எனக்கு வேண்டாமுங் நங்கை, எட போடோணும்" என்று சொல்லிவிட்டு ஷூக் கயிற்றைக் கட்ட உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்பார்கள். அவர் இந்த வீட்டுப் பிள்ளை, வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. தம்பி தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இப்ப வேண்டாமுங்க்கா, வந்து..." என்று இழுத்தான். நான் விடுவேனா? "ஏன், எங்கூட்டுல திங்கமாட்டியா? கூச்சப்படாம சாப்புடு" என்றேன். எடை என்ற பேச்சு மாதக்கணக்கில் காதில் விழுந்த வீடு எங்களுடையது; எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஆனால் கொழுந்தனார் மறுத்தது எனக்கு எடைக்காக என்று தெரிந்தது. அதே காரணத்துக்காக அவன் மறுத்தது கூச்சமாகத் தெரிந்தது. அவன் சாப்பிட்டான். பெயர் வெட்டிய சொம்பு நிறைய மோர் கொடுத்தேன், அதையும் மறுக்காமல் குடித்தான். நான் பூரித்துப்போய் நின்றேன். அவனைப் பார்த்து அல்ல, என்னையே நினைத்து.

போட்டி நடந்த பள்ளிக்கூடத்தில் எடைமேடை ஏறியபோது அவன் கூடுதலாக இருந்தான். எவ்வளவு கூடுதல் என்றால் ஒரு தட்டுச் சந்தவை, ஒரு சொம்பு மோர், அவ்வளவுதான். நேரம் முடிவதற்குள் குறைத்துக்கொண்டு வந்தால் சரி என்றார்கள். என் வீட்டுக்காரரும் நானும் போய்ச் சேர்ந்தபோது, தம்பி தன் ஸ்வெட்டரின் மேல் கொழுந்தனாரின் ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு பங்குனி வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே கொழுந்தனாரும் ஓடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அடித்துக்கொள்ள வேண்டிய இரண்டு பேர், அப்படி ஜோடியாக ஓடினார்கள். என்ன நடந்தது என்று வேப்பமரத்தடியில் நின்ற யாரோ சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. கடைசியாக அவன் உடம்பில் இருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏறினான். சுற்றிலும் மறைப்பாகத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது கொழுந்தனார்தான். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, இன்னும் கூடுதல்தான் என்று தலையை ஆட்டினார். தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். உதடெல்லாம் வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வெயில்ல நிக்காதீங்க்கா, அப்படி நெழலுக்குப் போங்க" என்றான். அன்று அவன் என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் இத்தனை வருஷம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

சாயங்காலம் கொழுந்தனார் கையுறையோடு தனியாக மேடையேறினார். எதிர் மூலை காலியாக இருந்தது. நடுவர் அவர் கையைத் தூக்கி, வாக்-ஓவர் என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. கை மேலே இருந்தது, தலை கீழே இருந்தது.

வேலை கொழுந்தனாருக்கு வந்தது. ஊர் சும்மா இருக்குமா? "கணபதிக்காரங்க சோறு போட்டே கவுத்துப்போட்டாங்க" என்று பேசிக்கொண்டார்கள். அது வேண்டுமென்றே செய்ததல்ல என்று நான் யாரிடம் போய்ச் சத்தியம் செய்வது? என் வீட்டுக்காரர் மட்டும் அசரவில்லை. அவர் கணக்கில் தம்பிக்கு ஒரு தோல்வியும், தன் தம்பிக்கு ஒரு வெற்றியும் ஏறியிருந்தன. ஒரு சீர் விருந்தில், சொந்தக்காரர்களை உட்காரவைத்துக்கொண்டு இரண்டு பேரின் வெற்றி தோல்விகளையும் அவர் மறுபடி ஒப்பிட ஆரம்பித்தபோது கொழுந்தனார் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நிறுத்துங்கண்ணா. அவன் திங்கறதப் பாத்துட்டுத்தான் உக்காந்திருந்தேன். நா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நங்கை நிறுத்தியிருப்பாங்க. சொல்லோணும்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு. ஷூக் கயித்தக் கட்டிட்டே இருந்துபோட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அவங்கிட்டக் கேட்டேனுங் நங்கை, ஏண்டா தின்னேன்னு. அக்கா மொதத் தடவையா உள்ள கூப்பிட்டு உக்காரவெச்சாங்க, வேண்டாம்னு எப்படிடா எந்திரிக்கறதுன்னு கேக்கறான்" என்றார்.

வெட்கம் என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்குப் பொருள் தெரிந்தது. மாமியாரைவிட நான் உயர்ந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் டம்ளர் அவனை வாசலில் நிறுத்தியது. என் தட்டு அவனை மேடைக்குக் கீழே நிறுத்தியது. அந்த டம்ளர் இல்லாதிருந்தால் என் தட்டுக்கு அவ்வளவு கனம் இருந்திருக்காது. உள்ளே வந்து சாப்பிடுவது அவனுக்குச் சாதாரண விஷயமாக இருந்திருந்தால், கொழுந்தனாரைப்போல அவனும் "எட போடோணும், வேண்டாமுங்க்கா" என்று சொல்லிவிட்டுச் சிரித்திருப்பான். அதன்பின் அவன் போட்டிக்கே போகவில்லை. கடையில் உட்கார்ந்துவிட்டான். சிநேகிதம் மட்டும் விட்டுப்போகவில்லை, இருவரும் இன்றும் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மாமியார் காலமானபின் டம்ளரை மேல்தட்டுக்கு ஏற்றினேன். தூக்கிப் போடவும் மனமில்லை, புழங்கவும் மனமில்லை. அவன் வரும்போதெல்லாம் ஹாலில் உட்காரவைத்து, பெயர் வெட்டிய டம்ளரில் காப்பி கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வேன். வாய் திறந்து கேட்டதில்லை.

போன வாரம் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, தோள் மட்டும் இன்னும் குத்துச்சண்டைக்காரன் தோள்தான். சோபாவில் உட்கார்ந்து பத்திரிகையை என் கையில் கொடுத்தான். மருமகள் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அடுக்கிலிருந்து கைக்கு வந்ததை எடுத்திருக்கிறாள், பாவம், அவளுக்கென்ன தெரியும்? நான் பார்ப்பதற்குள் அது அவன் கைக்குப் போய்விட்டது. ஒரு மடக்குக் குடித்தான். டம்ளரை மெல்ல ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை; பழைய ஆள் யாரையோ பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தான்.

"இது என்ற டம்ளருங்க அம்மணி" என்றான் மருமகளிடம்.

அவள் சிரித்துவிட்டாள். "அதெப்படிங் சொல்றீங்க? அதுல பேரே வெட்டலீங்களே."

"அதனாலதான் அம்மணி தெரியுது" என்று அவனும் சிரித்தான்.

மிச்சத் தண்ணீரையும் குடித்தான். மருமகள் டம்ளரை வாங்கக் கை நீட்டுவதற்குள் எழுந்து, கை தன் பழக்கத்துக்குப் போவதுபோல வாசலுக்குப் போய், குழாயைத் திறந்து அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். கையிலிருந்த பத்திரிகையில் அச்சடித்திருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.