முந்திக்கொண்ட முள்

மருந்துத் தொழிற்சாலையின் சோதனை அறையில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். ரேடியோவுக்காவது நிறுத்த ஒரு திருகு உண்டு. அக்காவுக்கு அதுவும் கிடையாது. கை மாத்திரையைப் பொடிக்கும்போதே வாய் ஊர்க்கதையைப் பொடித்துக்கொண்டிருக்கும்.

வேலை என்னவோ சுலபம்தான். வைட்டமின் சி மாத்திரையை நீரில் கரைத்து, கொஞ்சம் அயோடைடு உப்புச் சேர்த்து மின்சாரம் பாய்ச்சினால், கரைசலுக்குள்ளேயே அயோடின் உண்டாகும். வைட்டமின் அதை வந்த வேகத்தில் காலி பண்ணும். வைட்டமின் தீர்ந்ததும் மீட்டர் முள் துள்ளும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததோ, அவ்வளவு சத்து.

அன்றைக்கு முள் பாதியிலேயே துள்ளிவிட்டது. அந்த மாத்திரைகளைச் செய்தது யார்? அவளைக் கட்டிய புண்ணியவான்தான், மாத்திரைப் பிரிவு மேற்பார்வையாளர். நாளைக்குள் தேறாவிட்டால் சரக்கு மொத்தமும் குப்பைக்கு; அவர் வேலையும் கூடவே போகும்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுச் செஞ்ச சரக்கும்மா!" என்று ஓடிவந்தார்.

"அப்ப என் மெஷின் பொய் சொல்லுதாங்க?"

மறுபடி அளக்கக் கரைத்து வைத்ததை மறந்து அவள் சண்டையை ஆரம்பித்தாள். மாமியார் சொன்னது, நாத்தனார் சொல்லாதது, தேனிலவில் அவர் தவறவிட்ட ரயில் வரைக்கும் போயிற்று. பீக்கர் திறந்தே கிடந்தது, உள்ளே கலக்கும் கருவியும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக அளந்தால், முள் முன்னைவிட முந்திக்கொண்டது!

அவள் இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே மாத்திரை, சண்டை நீண்ட அளவுக்குச் சத்து குறைந்திருக்கிறது. அடக் கடவுளே! கரைத்த வைட்டமின் சி காற்றுப் பட்டால் கெடும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவளே இவள்தான். காலையிலும் பீக்கரை அப்படியே விட்டுவிட்டுக் காவலாளி வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டு நின்றிருந்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவளோ புருஷன் பிழைப்பையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தாள்.

உதட்டை இறுக்கிக்கொண்டு புதிதாகக் கரைத்து, உடனே அளந்தாள். முள் பொறுத்தது, பொறுத்தது, துள்ளவேண்டிய இடத்தில் துள்ளியது. நேரே மேலாளரிடம் போனாள்.

"சரக்கு மேல தப்பில்ல சார். என் வாய் மேலதான்."

அன்று மாலை வீட்டில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் டீ போட்டுக் கொடுத்தார், நன்றாக இருந்த நாற்காலியை இழுத்து வேறிடத்தில் போட்டார், கடைசியில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பீக்கர் பக்கத்துல பேசாத, சரி. நான் என்ன, காத்துப் பட்டா கெட்டுப்போற சாமானா? ஏதாவது பேசும்மா, வீடே பயமா இருக்கு."

அவள் காவலாளி வீட்டுக் கதையிலிருந்து தொடங்கினாள்.