கொடிகாமத்துக்குக் கொண்டுபோன இரண்டு நீலக்கற்கள்

செவ்வாய்க்கிழமை காலை கடையின் இரும்புக் கதவை அரைவாசி தூக்கியிருந்தபோது கைபேசி அடித்தது. கிரேஸ் அக்காவின் தங்கை மகள். "மாமா, பெரியம்மா விடியக்காலமை மோசம் போயிட்டா" என்றாள். நான் "ஓம், ஓம்" என்று இரண்டு தரம் சொன்னேன், ஏதோ கல்லுக்கு விலை கேட்டவருக்குச் சொல்வதைப் போல. பிறகு கதவை முழுதாகத் தூக்கி, உள்ளே போய், விளக்கைப் போட்டு, கண்ணாடி மேசையைத் துடைத்தேன். துடைத்து முடிந்த பிறகுதான் அக்கா செத்துப்போனார், இன்றைக்குக் கடை திறக்கக் கூடாது என்பது மண்டையில் ஏறியது.

கடைக்கு வந்துபோன உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். யாழ்ப்பாண நகரில் நாங்கள் வேலை செய்த நகைக்கடையில், முன்மேசையின் இடது பக்கக் கதிரையில், வெள்ளைத் துணியை விரித்து, கண்ணில் லென்சை வைத்துக்கொண்டு இருந்தவர். உடுப்பிட்டிக்காரர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்து, அங்கேயே இரசாயன ஆய்வுகூடத்தில் பல வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, பிறகு கொழும்பில் கல் பார்க்கப் படித்து எங்களிடம் வந்தார். வயதில் அவர் எனக்கு ஐந்து வருடம் மூத்தவர். கடையில் நான் அவருக்குப் பத்து வருடம் மூத்தவன். ஆகவே யார் பெரியவர் என்ற இழுபறி எங்களுக்குள் கடைசிவரை இருந்தது. நான் தவில்காரருக்குப் பேர்போன அளவெட்டியில் பிறந்தவன், தொண்டையும் கொஞ்சம் பெரிது. நான் குரலை உயர்த்தினால், "நாதன், தவிலை இறக்கி வையுங்கோ, ஆக்கள் இருக்கினம்" என்பார்.

ஆய்வுகூடத்தில் வளர்த்த நிறக்கற்கள் எங்கள் கடைக்கு முதன்முதல் வந்தபோது நான் பெரிதாகத் துள்ளினேன். உடைந்த போத்தல் கண்ணாடியை விற்கவா இத்தனை வருடம் இந்த மேசையில் இருந்தேன் என்று முதலாளியிடம் கத்தினேன். கிரேஸ் அக்கா கத்தவில்லை. ஒரு சிவப்புக் கல்லையும் ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டையும் என் முன்னால் வைத்தார். "இது கண்ணாடி. இது மாணிக்கம். கடற்கரையிலை தானா விளைஞ்சதும் உப்பு, பாத்தி கட்டி விளைவிச்சதும் உப்பு. உப்பெண்டு சொல்லிச் சீனியைக் குடுத்தால்தான் பிழை" என்றார். அன்றே அந்தக் கற்களின் பொதிகளிலெல்லாம், கல்லை மடித்து வைக்கும் அந்தச் சின்னக் கடதாசிகளின் உட்புறத்தில், சிவப்புப் பேனையால் 'வளர்த்தது' என்று எழுதினார். யாராவது கதிரையில் அமர்ந்தால், அவர்கள் வாய் திறக்க முன்னரே, எது மண்ணிலிருந்து வந்தது, எது ஆட்கள் வளர்த்தது என்று சொல்லிவிடுவார். வியாபாரம் கெட்டுப்போகும் என்று நான் முணுமுணுத்தால் ஒரே பதில்தான் வரும்: "கேக்கமுதல் சொல்லிப்போடோணும். கேட்டாப் பிறகு சொன்னால் அது பதில்தான், உண்மையில்லை."

அவர் கல் தெரிவுசெய்யும் முறையே வேறு. கடைக்குள் இருக்கும் வெள்ளை விளக்கை அவர் நம்புவதில்லை. குருநகரிலிருந்து ஒரு பெண் தன் கலியாணத்துக்குப் பச்சைக் கற்கள் பார்க்க வந்தாள். தட்டில் இருந்ததில் ஆகக் கறுத்த பச்சையைக் காட்டி அதுதான் வேண்டும் என்றாள். அக்கா அவளை வாசலுக்குக் கூட்டிப்போய், காலை வெளிச்சத்தில் அவள் கன்னத்தோடு ஒவ்வொரு கல்லாகப் பிடித்தார். உள்ளே கம்பீரமாக இருந்த கல் வெளியில் கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. சற்று வெளிறிய கல்லைப் பிடித்ததும் அவள் முகமே தெளிந்தது. பிறகு, "கையாலை என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று கேட்டார். தாயோடு மீன் வெட்டுவதாக அவள் சொன்னாள். "அப்ப மோதிரத்துக்குப் பச்சை வேண்டாம் பிள்ளை. மரகதம் வளர்த்ததெண்டாலும் மரகதம்தான், ஒரு அடி பட்டால் வெடிச்சுப்போடும். தோட்டுக்குப் பச்சையைப் போடுவம், மோதிரத்துக்குச் சிவப்பைத் தெரிவம்." அந்தப் பெண் அரை மணித்தியாலம் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், ஏனென்றால் அந்தக் கறுத்த பச்சையைக் கடைக்கு வாங்கிப் போட்டது நான்தான்.

இனி நீலக்கல்லின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீலம் எல்லோருக்கும் ஒத்துவராது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. வாங்க முன் கல்லைத் துணியில் முடிந்து மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். கெட்ட கனவு வந்தால் கல் கடைக்குத் திரும்பிவிடும். கிரேஸ் அக்கா ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகும் வேதக்காரி. சனி பகவானோடு அவருக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஆனாலும் இந்த வழக்கத்தை அவர் ஒருநாளும் கிண்டல் செய்ததில்லை. "வைச்சுப் பாக்கிற கல்லும் மோதிரத்திலை கட்டுற கல்லும் ஒண்டாய் இருக்கோணும். நம்புறது அவை. அதிலை நாங்கள் விளையாடக் கூடாது" என்பார். அதற்காகவே ஒரு விதி வைத்திருந்தார்: மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பொதிதான் திறந்திருக்க வேண்டும்.

ஆவணி மாதக் கலியாண நெருக்கடியில் ஒருநாள் நான் இரண்டு பொதிகளைத் திறந்தேன். கொடிகாமத்திலிருந்து மகேஸ்வரி என்ற பெண் வந்திருந்தார். விபத்தில் காலை முறித்துக்கொண்ட கணவர், மாதக் கணக்காக ஊன்றுகோல் இல்லாமல் ஓர் அடி வைக்கவில்லை. சாத்திரியார் ஏழரைச் சனி என்று சொல்லி நீலம் போடச் சொன்னாராம். மகேஸ்வரிக்கு மண்ணில் பிறந்த கல்தான் வேண்டும். அக்கா மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் இரண்டு நீலங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், மற்றப் பக்கம் யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொன்னேன், கற்களைப் பாராமல் எடுத்துக் கடதாசி மாற்றி மடித்தேன். மண்ணில் பிறந்தது என்று சொல்லி வளர்த்த கல்லை அவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் மகேஸ்வரி ஓடி வந்தார். முகத்தில் சிரிப்பும் கண்ணீரும். "அண்ணை, கல்லு ஒத்துக்கொண்டிட்டுது! மூண்டாம் நாள் காலமை அவர் தடியில்லாமல் கிணத்தடி மட்டும் நடந்தவர். மோதிரத்தைக் கெதியாக் கட்டித் தாங்கோ" என்று பொதியை மேசையில் வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடிவிட்டார். கிரேஸ் அக்கா வழக்கம்போல லென்சை எடுத்தார். மண்ணில் வளர்ந்த நீலத்துக்குள் நிறக்கோடுகள் நேராகப் போகும். நெருப்பில் வளர்த்த கல்லில் அவை வளையும். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு லென்சை என்னிடம் நீட்டினார். கோடுகள் வளைந்திருந்தன.

"அக்கா, ஒருத்தருக்கும் தெரியாது. மண்ணிலை வந்த கல்லையே மோதிரத்திலை கட்டிக் குடுப்பம். அவைக்கு ஒரு நட்டமும் இல்லை" என்றேன்.

"அப்ப அந்த மனிசன் நடந்தது எந்தக் கல்லுக்கு, நாதன்?" என்று கேட்டார்.

வளர்த்த கல்லைக் கட்டினால் அவர்கள் கேட்டது கிடைக்காது. மற்றதைக் கட்டினால் அவர்கள் வைத்துப் பார்த்தது கிடைக்காது. எப்படிப் பார்த்தாலும் சொல்லியே ஆகவேண்டும். அடுத்த நாள் காலை இரண்டு கற்களையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கொடிகாமத்துக்குப் பேருந்து ஏறினோம். பயணம் முழுக்க அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

மகேஸ்வரியின் கணவர் முற்றத்துக் கதிரையில் இருந்தார். அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னார். மகேஸ்வரி மெல்ல, "அப்ப இது பொய்க்கல்லோ அக்கா?" என்று கேட்டார்.

"பொய்க்கல்லில்லை தங்கச்சி. இதுவும் நீலம்தான், மனிசர் வளர்த்தது. மண்ணிலை பிறந்ததெண்டு நாங்கள் சொல்லித் தந்ததுதான் பொய்."

கணவருக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்களை மடையராக்கிப்போட்டியளே! ஆர் மாத்தினது? அதைச் சொல்லுங்கோ" என்று எழுந்தே விட்டார். தடியில்லாமல்தான் எழுந்தார், அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்காக ஓர் இடைவெளி விட்டு நின்றார். நான் வேலியோரத்து வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர், "கல்லுக்குப் பொறுப்பு நான்தான்" என்றார்.

இரண்டு கிழமை கழித்து மகேஸ்வரி கடைக்கு வந்து, "அந்த அக்காவிட்டைத்தான் கதைக்கோணும்" என்றார். தலைமாட்டில் கிடந்த அதே கல்லை, வளர்த்தது என்று தெரிந்தே, மோதிரமாகக் கட்டித் தரச் சொன்னார். "சாத்திரியாரிட்டையும் ஒருக்கால் கேட்டுப்போட்டு வாங்கோ" என்று அனுப்பி வைத்தவர் கிரேஸ் அக்கா. சாத்திரியார் என்ன சொன்னார் என்று மகேஸ்வரி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மோதிரம் கட்டப்பட்டது.

ஆனால் அதற்குள் கதை கொடிகாமப் பக்கம், தென்மராட்சி முழுக்க ஓடிவிட்டது. கல் மாற்றிய கடை என்ற பெயர் வரக்கூடாது என்று முதலாளி அவரை முன்மேசையிலிருந்து எடுத்து உள் அறையில் இருத்தினார். நோய் வந்து வேலையை விடும்வரை, இரண்டு வருடம், பகல் வெளிச்சம் வராத அந்த அறையில்தான் இருந்தார். நீங்கள் வந்து, "கிரேஸ் அக்கா எங்கை?" என்று கேட்டீர்கள். நான், "அவவுக்குக் கண் முந்தினமாதிரி இல்லை" என்று சொன்னேன். ஒருவர் இருவரிடமல்ல, கேட்டவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். ஒருநாள் உள்ளே போய், "அக்கா, நீங்கள் ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். துணியில் கிடந்த கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அது நான் சொல்லுற கதையில்லை, நாதன்."

உடுப்பிட்டியில் நல்லடக்கம் முடிந்து சனம் கலைந்தபோது மகேஸ்வரி என்னிடம் வந்தார். பக்கத்தில் கணவர், விரலில் அந்த நீலம், நடையில் சிறிய இழுப்பு மட்டும். "கேள்விப்பட்டனான் அண்ணை, அக்காவுக்குக் கண்ணிலை வருத்தமாமே. பாவம், அதாலைதானே அண்டைக்குக் கல்லு மாறினது" என்றார். நான் சொன்ன பொய் ஊரைச் சுற்றி என் கையிலேயே வந்து சேர்ந்தது. குழியின் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அப்போதும் என் வாய் திறக்கவில்லை. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் அவருடைய தங்கை மேசை லாச்சியிலிருந்து லென்சை எடுத்து என்னிடம் நீட்டினார். "அக்கா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ" என்றார். "இப்ப வேண்டாம். ஒரு வேலை கிடக்குது, முடிச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு வசனம்தான், கேட்கமுதல் சொல்ல வேண்டும் என்பது. அதையும் இத்தனை காலம் பாவிக்காமல் வைத்திருந்தேன். நாளைக் காலை கொடிகாமத்துக்குப் போகிறேன், தனியே. மகேஸ்வரியும் கணவரும் மறுபடி கேட்க முன்னர் சொல்லப் போகிறேன். உங்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லை மாற்றியது நான். கிரேஸ் அக்காவின் கண்ணில் கடைசிநாள்வரை ஒரு குறையும் இருக்கவில்லை.