தலை சாய்த்த பேய்

ரோவீனா பெக் செய்த வேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். பொம்மைப் படத்தில் கதாநாயகி பயந்து ஓடும்போது பின்னால் ஒரு எலி குறுக்கே போகுமே, அதை நகர்த்தியது அவள். காற்றில் உருளும் சருகு அவள். கூட்டத்தின் கடைசி வரிசையில் கொட்டாவி விடும் கிழவனும் அவள்தான்.

போர்ட்லண்டுக்கு வெளியே இருக்கிறது எங்கள் ஸ்டுடியோ. நான் அங்கே தச்சன். ஒரு ஊரையே புதைக்கிற அளவுக்குச் சவப்பெட்டி செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் ஒரு பூனையைப் படுக்க வைக்க இடம் பத்தாது.

ரோவீனா இங்கே வருவதற்கு முன் கூஸ் பே என்ற ஊரில் பல்செட் செய்து கொண்டிருந்தாள். அவள் செய்த பல்லோடு அங்கே பாதி ஊர் இன்னும் சோளம் கடிக்கிறது. கைநடுக்கம் என்பதே தெரியாது. பூகம்பம் வந்தால் மலை ஆடும், அவள் சுண்டுவிரல் ஆடாது. எங்கள் வேலைக்கு அப்படிப்பட்ட கைதான் வேண்டும். பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி ஒரு மயிரிழை, மறுபடி ஒரு படம். நாள் பூராவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் திரையில் நாலு விநாடி ஓடும். நடுவில் தும்மினால் போச்சு.

இத்தனை வருஷமாக எலியும் சருகும் கொடுத்தார்களே தவிர, யாரும் அவளுக்கு ஒரு முகத்தைக் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் ஹாலோவீன் என்ற பேய்ப் பண்டிகைக்கு வரப்போகும் படத்தில்தான் முதல் தடவையாகக் கிடைத்தது. கிணற்றுப் பேய் முக்காட்டை விலக்கி, எதிரே நிற்கும் சின்னப் பெண்ணை அசையாமல் உற்றுப் பார்க்கும். அந்த ஒரே ஒரு ஷாட். அதற்காக ரோவீனா வீட்டுக் கண்ணாடி முன்னால் முக்காடு போட்டுப் போட்டு விலக்கிப் பார்த்ததில் அவள் புருஷன் சமையலறையிலேயே தூங்கப் போய்விட்டானாம்.

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொம்மை சும்மா நிற்கும்போது வேலையை விட்டுப் போகக் கூடாது. கை தூக்கும் நடுவில் போகலாம், திரும்பும் நடுவில் போகலாம். அக்டோபர் மழையில் செட்டின் மரப்பலகை உப்பும், அதன் மேல் நிற்கிற பொம்மை கொஞ்சம் நகரும். அசைவுக்கு நடுவில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. நிற்கிற பொம்மை நகர்ந்தால் குருடனுக்கும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் ரோவீனாவின் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். குழாய் வெடித்து, வாசல் கதவு வழியாகத் தண்ணீர் வருகிறதாம். ரோவீனா அப்படியே ஓடினாள். பேய் உற்றுப் பார்த்தபடி நின்றது.

மறுநாள் காலையில் செட்டைச் சுற்றிக் கட்டியிருந்த கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு நான் போனபோது, அவள் கம்ப்யூட்டரில் நேற்றைய கடைசிப் படத்தையும் இன்றைய நிலையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேயின் தலை வெடுக்கென்று சாய்ந்தது, நிமிர்ந்தது, சாய்ந்தது.

"வெண்டல், உன் பலகை என் கழுத்த அறுத்துடுச்சு" என்றாள்.

"என் பலகை என்ன பண்ணும், மழைய கேளு. பேசாம தலைய நிமித்தி வெச்சிடேன்."

"நிமித்துனா தோளு போகுது, தோள சரி பண்ணா முக்காடு போகுது. மொதல்லேர்ந்து எடுக்கணும். சனிக்கிழமைக்குள்ள முடியாதுடா."

சனிக்கிழமை இந்த வருஷ ஹாலோவீன். டைரக்டர் கேரிக், ஊழியர்களின் பிள்ளைகளைக் கூட்டி வந்து இதுவரை எடுத்த படத்தைப் போட்டுப் பார்க்கப் போகிறார். ஷாட் தயாராகாவிட்டால் பேய் முக்காட்டோடேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முன்பே சொல்லிவிட்டார். ரோவீனாவுக்குக் கிடைத்த ஒரே முகம் படத்தில் இருக்காது.

அவள் வெகுநேரம் பேயையே பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், சாய்ந்த பக்கமே இன்னும் ஒரு மயிரிழை சாய்த்தாள். படம் எடுத்தாள். இன்னும் ஒரு மயிரிழை. தானாக வெடுக்கென்று ஒடிந்த கழுத்து, பிறகு மெதுவாக, மிக மெதுவாக, தோளில் போய்ச் சாய்கிற மாதிரி கொண்டுபோனாள். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பயத்தில், நான் செய்த சவப்பெட்டியில் எனக்கே இடம் தேட வேண்டியிருந்தது.

கேரிக் பார்த்தார். அவர் கையிலிருந்த காபி சட்டை மேலே போனது.

"ரோவீனா, இது பிள்ளைங்க பாக்குற படம். இதப் போட்டா அவங்க அம்மாங்கள்லாம் என்னைத் தோலுரிச்சுத் தொங்கவிடுவாங்க."

"பிள்ளைங்க பயப்படத்தானே வர்றாங்க?"

"பயப்படட்டும். ஆனா பிடிக்கணும். சனிக்கிழமை பாப்போம். ஒரு பிள்ளை அழுதுக்கிட்டு ரூமை விட்டு வெளிய போனாலும் ஷாட்டத் தூக்கிடுவேன். ஒண்ணு போதும்."

சனிக்கிழமை மத்தியானம் கேன்டீன் ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டினோம். எலும்புக்கூடு, டைனோசர், மந்திரவாதி என்று வேஷம் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வந்தன. ஒருத்தன் ஃபிரிட்ஜாகவே வந்திருந்தான், கதவைத் திறந்தால் உள்ளே மிட்டாய். ரோவீனா உள்ளே உட்கார மாட்டேன் என்றாள். வெளியே நடையில் நின்று, கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, ஒற்றைக் கண்ணால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணைக்கு நான், அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தபடி.

"வந்துடுச்சா?" என்றாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

"அந்தப் பொண்ணு கிணத்துக்கிட்ட வந்துட்டா. இப்ப முக்காடு."

மிட்டாய்த்தாள் சத்தம் நின்றது. உள்ளே ஒரு கூச்சல். பிறகு ஒன்றுமே இல்லை.

"யாராவது எழுந்தாங்களா? சொல்லேண்டா."

ஒன்று எழுந்திருந்தது. கணக்குப் பிரிவில் இருப்பவருடைய மகள் ஜூனோ, தேனீ வேஷம், ஆறு வயசு இருக்கும். கன்னத்தில் கண்ணீர் ஒழுகுகிறது. முதுகில் கம்பிச் சிறகு ஆட, வரிசையை விலக்கிக்கொண்டு நேராகக் கதவைப் பார்த்து வருகிறது. கேரிக் தலையைத் திருப்பி அதையே பார்க்கிறார். ரோவீனாவும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள். என் முழங்கையைப் பிடித்தாள் பாருங்கள், அந்த ஆடாத விரல்கள் ஆடின.

தேனீ கதவருகே வந்தது. மூக்கை உறிஞ்சியது.

"ஆன்ட்டி, நீங்க கதவத் தொறந்து வெச்சிருக்கீங்க. வெளிச்சம் விழுது. பேயோட மூஞ்சி சரியாத் தெரியல."

சொல்லிவிட்டு, ரோவீனாவின் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது.

நாங்கள் நடை விளக்கின் வெளிச்சத்தில் நின்றோம். நான் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தேன். உள்ளே மறுபடி மிட்டாய்த்தாள் சத்தம் ஆரம்பித்தது.

"வெண்டல்," என்றாள் ரோவீனா, "அழுதுக்கிட்டுத்தானே வந்துச்சு?"

"அழுதுச்சு. ஆனா ஒரு காலக்கூட வெளிய வெக்கல."

"கேரிக் பாத்தாரா?"

"பாத்தாரு. அவருதான் அதுக்கு முன்வரிசையில எடம் விட்டுட்டாரு."

ரோவீனா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கைப்பிடியில் கை போனது. தொட்டாள், திருப்பவில்லை. திறந்தால் வெளிச்சம் விழும்.