வாசலுக்குப் போய் ரெண்டு வார்த்தை

குடிநீர் அலுவலகத்தில் அவர் எழுத்தர். உடன் வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மென்னுமுழுங்கி. எதைக் கேட்டாலும் பாதி வார்த்தைதான் வெளியே வரும், மீதி தொண்டையோடு நின்றுவிடும். அந்தப் பெயருக்காக அவர் சண்டைக்குப் போனதில்லை. சண்டை போடவும் வாய் வேண்டுமே.

குழாய் உடைந்தால் ஜனங்கள் நேரே அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து என்ஜினியருக்கு வேறெங்காவது வேலை வந்துவிடும். மேற்பார்வையாளருக்கு முதுகுவலி. ஒருநாள், "நீங்க வாசலுக்குப் போய் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்று இவரைத் தள்ளிவிட்டார்கள்.

அவசரமாக நாலு வரி மனப்பாடம் செய்துகொண்டு படியில் போய் நின்றார். "பொதுமக்களின் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், காலிக் குடத்தோடு முன்னால் நின்ற தையல்காரம்மா கேட்டாள்: "உங்க வீட்டுல தண்ணி வருதா சார்?"

வந்துகொண்டுதான் இருந்தது. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ கத்தினார்கள். உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வீங்கிய காலோடு வந்து உட்கார்ந்தவளிடம் நடந்ததைச் சொன்னார்.

"நோயாளியோட ஆளுங்க கேள்வி கேட்டா நான் என்ன மனப்பாடமா பண்ணிட்டுப் போறேன்? தெரிஞ்சத சொல்லுவேன். தெரியாதத தெரியாதுன்னு சொல்லுவேன். நீங்களும் பழகுங்க. நான் ஒரு வார்த்த தரேன், நிறுத்தாம பேசுங்க. துடைப்பம்!"

"துடைப்பம்... வந்து... அதுல குச்சி இருக்கும்..."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. சாயங்காலங்களில் சாவி, கொசு, குடை என்று ஏதாவது வரும். மாமியார் என்ற வார்த்தை வந்த அன்று மட்டும் மடைதிறந்தாற்போலப் பேசினார். "போதும், எங்கம்மாவ விடுங்க" என்று அவளே நிறுத்த வேண்டியதாயிற்று. பல நாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் விடக்கூடாது என்பது அவள் வைத்த சட்டம். தூங்குகிறவளிடமும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

கோடையில் பெரிய குழாயே உடைந்தது. தெரு அடைக்கக் கூட்டம். மறுபடியும் இவரைத்தான் அனுப்பினார்கள்.

"எப்ப சார் தண்ணி வரும்?" அதே தையல்காரம்மா.

"தெரியாதும்மா."

இப்படியொரு பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"தோண்டிட்டிருக்காங்க. இன்னைக்கு வராது. மத்தியானம் பள்ளிக்கூட வாசலுக்கு லாரித் தண்ணி வரும். நாளைக்கு என்ன நிலமன்னு காலைல இங்கயே வந்து நான் சொல்றேன்."

"வருவீங்களா? போன தடவ ஓடிட்டீங்களே!"

"ஓடுனேம்மா. பயந்துட்டேன்."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். 

மறுநாள் காலையில் சொல்வதற்கு நல்ல சேதி எதுவுமில்லை. உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. இருந்தாலும் போனார், இன்றைக்கும் தண்ணீர் இல்லை என்பதைச் சொன்னார், வசவும் வாங்கினார். தண்ணீர் வந்த அன்று அவரைத் தேடி யாரும் வரவில்லை.

"இனிமே வாசல் பேச்செல்லாம் உங்க பொறுப்பு" என்றார் என்ஜினியர், பெரிய பரிசு கொடுப்பவரைப் போல. அதோடு நிற்கவில்லை. பணி ஓய்வு விழா, இரங்கல் கூட்டம், எங்கே என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். எழுந்து நிற்பார், தெரிந்ததைச் சொல்வார், உட்கார்ந்துவிடுவார். பழைய பட்டப்பெயரை எல்லோரும் மறந்துபோனார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசுவதற்கும் அலுப்பாக இருந்தது.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்றாள் மனைவி.

"யாரும் கத்தல."

"அப்ப நல்லாப் பேசியிருக்கீங்க."

"எங்க... அவங்களுக்கும் கத்திக் கத்தி அலுத்துப்போச்சு போல."

அவள் வீங்கிய காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். எழுந்து விளக்கைப் போட இரண்டு பேருக்குமே தெம்பில்லை. இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.